அரிசி அதிகம் என்றொரு நோட்டீஸ்

அரசாங்கக் கடிதம் வந்தால் என் வீட்டுக்காரர் அதை உடனே பிரிக்க மாட்டார். முதலில் கையைத் துடைப்பார். அப்புறம் சட்டை போட்டுக்கொள்வார். பனியனோடு உட்கார்ந்து அரசாங்கத்தின் கடிதத்தைப் படிப்பது மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ. அன்றைக்கும் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு, உறையை ஓரமாகக் கிழித்து, உள்ளே இருந்த தாளைப் படித்தார். மடித்தார். மறுபடி பிரித்துப் படித்தார். நான் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தபோது காப்பி ஆடை படிந்து ஆறிக் கிடந்தது.

"என்னங்க?"

"இன்கம்டாக்ஸ்," என்றார். தாளை என்னிடம் நீட்டினார்.

நாங்கள் சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருந்தோம். கீழே கடை, மேலே குடித்தனம். கடை என்றால் சாப்பாட்டுக்கடை. பலகையில் இருந்தது அவர் பெயர், நடத்தியது நான். அவர் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க்காக இருந்தார். காலையில் டையைக் கட்டிக்கொண்டு போனால் சாயங்காலம்தான் திரும்புவார். அரிசி என்ன விலை, விறகு என்ன விலை என்று கேட்டால் விழிப்பார். ஆனால் கடை வருமானம் முழுவதும் அவர் கணக்கில்தான் ஏறும். பெண்டாட்டி சம்பாதித்தாலும் புருஷனுடையது என்றுதான் அப்போது சட்டம். ஆகையால் நோட்டீஸும் அவர் பெயருக்கு வந்தது. நடுங்குகிற வேலையை அவர் எடுத்துக்கொண்டார், மற்ற வேலை எல்லாம் எனக்கு.

எங்கள் வாடிக்கை முழுக்க ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்த ஆண்கள். ரோடு போடுகிறவர்கள், சாக்கடை வெட்டுகிறவர்கள், ஆற்றோரக் கிட்டங்கிகளில் மூட்டை தூக்குகிறவர்கள். இரண்டு வேளையும் எங்களிடம் சாப்பிட்டுவிட்டு, சம்பளம் வாங்கியதும் மாதக் கணக்கைத் தீர்ப்பார்கள். பெரும்பாலும் தீர்ப்பார்கள். என்னைவிட மூத்தவர்கள்கூட என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயதுகூட இல்லை, முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு பழகிவிட்டது.

சாப்பாடு என்றால் எங்கள் தெருவில் ஒன்றுதான். இலையைப் போட்டால் குழம்புக்கு ஒரு தடவை சோறு, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் சாப்பிடுகிறவர் கையைக் குறுக்கே மறித்துப் போதும் என்று சொல்கிறவரை போட வேண்டும். எவ்வளவு சாப்பிட்டாலும் விலை ஒன்றுதான். இதை நான் தருமம் என்று செய்யவில்லை. தெருவில் இருந்த எல்லாக் கடையிலும் அப்படித்தான். சோற்றை அளந்து போடுகிறவள் என்று ஒரு நாள் பேர் வாங்கினால் மறுநாள் ஈயோட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். குழம்பையும் கறியையும் நாங்கள் பார்த்துப் பார்த்துத்தான் வைப்போம், அதையும் சொல்லிவிடுகிறேன். சோற்றில் மட்டும் கை நீளம்.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு கணக்குக்காரருக்கு ஆள் அனுப்பினேன். எங்கள் தெருவில் பாதிக் கடைகளுக்கு வரி ஃபாரம் எழுதிக் கொடுத்தவர் அவர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து அந்த வேலையை விட்டவர். கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடுகிற வெள்ளைக் கோட்டையே இலாகாவுக்குப் போகும்போதும் போடுவார். இரண்டு இடத்திலும் பொய் சொல்லக்கூடாது என்பது அவர் கொள்கை. நல்ல கொள்கைதான், கட்டணம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

மறுநாள் மத்தியானம், கடை நிறைய ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வந்தார். கல்லாப்பெட்டிப் பக்கம் நின்றபடியே கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டீஸைப் படித்து, வரி வரியாகத் தமிழில் சொன்னார். வாத்தியார் குரல். கடைசி பெஞ்சில் இருக்கிறவனுக்கும் கேட்க வேண்டும் என்று பழகிய குரல்.

"வாங்கின சரக்குக்கும் காட்டின வருமானத்துக்கும் பொருந்தலையாம்மா. முக்கியமா அரிசி. அரிசி ரொம்ப அதிகம்ங்கிறாங்க."

"அரிசி அதிகம்னா என்ன அர்த்தம்? நான் என்ன அரிசியைத் திருடினேனா?"

"அப்படி இல்ல. ஒரு காட்டி அரிசி சமைச்சா நாலு சாப்பாடு போடலாம்னு அவங்க கணக்கு. நீங்க வாங்கியிருக்கிற அரிசிக்கு அந்தக் கணக்குப்படி பார்த்தா, நீங்க காட்டினதைப் போல ரெண்டு மடங்கு சாப்பாடு வித்திருக்கணும். அந்தக் காசு எங்கேன்னு கேக்கிறாங்க. சரியான பதில் இல்லேன்னா அதுக்கும் வரி, அது மேல அபராதம், போன வருஷங்களுக்கும் சேர்த்து."

தொகையையும் சொன்னார். கடையில் இருந்த அண்டா, பெஞ்சு, அடுப்பு எல்லாவற்றையும் விற்று, கட்டடச் சொந்தக்காரரிடம் கொடுத்திருந்த முன்பணத்தையும் வாங்கினாலும் அதில் பாதி தேறாது. கடையை மூட வேண்டும், மூடிய பிறகும் கடனாளியாக இருக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தாளின் சாராம்சம்.

அந்தக் காலத்தில் எடை எல்லாம் காட்டிக் கணக்கு. இன்றைய கணக்குக்கு ஒரு காட்டி என்பது அறுநூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே. அதில் நாலு பேர் சாப்பிடலாமாம். என் கடையில் ஒரு காட்டி அரிசிக்கு இரண்டு பேர் சாப்பிட்டு எழுந்தால் அன்றைக்கு இரண்டு பேருக்கும் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். நான் வாங்கிய அரிசிக் கணக்கு இலாகாவுக்கு எப்படித் தெரிந்தது? அரிசி வாங்கிய பில்களை எல்லாம் ஒன்று விடாமல் நான்தான் எடுத்துக் கொடுத்திருந்தேன். தெருவில் பாதிப் பேர் பில்லே இல்லாமல் காலம் தள்ளினார்கள், அவர்களுக்கு எந்த நோட்டீஸும் வரவில்லை. என் ஒழுங்கே எனக்கு எமனாக வந்தது.

கணக்குக்காரர் படித்து முடித்தபோது, பெஞ்சில் இருந்த பெரியவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். ரோட்டுக்குத் தார் காய்ச்சுகிறவர் அவர். முழங்கை வரைக்கும் தார் தெறித்த தழும்பு. ஆட்களுக்குள் ஏதாவது சச்சரவு வந்தால் அவர் சொல்வதுதான் முடிவு.

"என்னக்கா, அரிசியில ஏதும் தகராறா?"

"ஒண்ணுமில்ல. நீங்க சாப்பிடுங்க," என்றேன்.

அதற்கடுத்த சில நாட்கள் தெருவே எனக்குச் சட்ட ஆலோசனை சொன்னது. கடையை மூடிவிட்டு உன் பெயரில் புதிதாகப் பதிந்துகொள் என்றார் பூக்கடைக்காரர். அரிசியில் பாதி எலி தின்றுவிட்டது என்று எழுதிக் கொடு என்றார் எதிர்க்கடைச் சாப்பாட்டுக்காரர். அப்படி எழுதினால் அடுத்த நாள் சுகாதார இலாகா வந்து நிற்கும் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும். வீட்டுக்காரரோ கடன் வாங்கியாவது கட்டிவிடலாம் என்றார்.

"கட்டிட்டாப் பேசாம விட்டுருவாங்க. நமக்கு எதுக்கு வம்பு?"

"கட்டினா ஒத்துக்கிட்ட மாதிரி. நான் ஒளிச்சு வைக்கல. ஒளிச்சு வச்சிருந்தா இந்தக் கிழிஞ்ச பாயில ஏன் படுத்துக் கிடக்கிறோம்?"

அவர் குனிந்து பாயைப் பார்த்தார். பாய் கிழிந்திருந்தது உண்மைதான்.

இலாகாவில் நேரில் வரச் சொன்ன நாளில் கணக்குக்காரரும் நானும் டிராலி பஸ் ஏறி, ஆற்று முகத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பெரிய கட்டடத்துக்குப் போனோம். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் வந்திருப்பாரா என்பது சந்தேகம். தூணும் படிக்கட்டுமாக இருந்த அந்த இடத்தில் என் செருப்புச் சத்தமே எனக்குப் பெரிதாகக் கேட்டது.

அதிகாரி சீனப் பையன். அரும்பு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. கணக்குக்காரரோடு இங்கிலீஷில் பேசினான், என்னோடு மலாயில். நல்ல பிள்ளை, அதை இப்போதும் சொல்வேன். நான் உட்காருகிறவரை அவன் உட்காரவில்லை. ஏதோ மனம்போன போக்கில் போட்ட கணக்கு இல்லை இது என்று விளக்கினான். பல சாப்பாட்டுக்கடைகளில் விசாரித்திருக்கிறானாம். தன் வீட்டிலும் கேட்டானாம். அவன் அம்மா ஒரு காட்டி அரிசி போட்டால் ஐந்து பேர் சாப்பிடுவார்களாம். கடை என்பதால் எனக்குச் சலுகையாக நாலு என்று வைத்திருக்கிறானாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணக்குக்காரர் காலால் என் காலை இடித்தார்.

"உங்கள் அம்மா சோற்றோடு என்ன வைப்பார்கள்?" என்று மலாயில் கேட்டேன்.

"மீன். காய்கறி. சூப். சில நாள் பன்றி இறைச்சி."

"அதுதான். உங்கள் வீட்டில் மீனையும் காயையும் சாப்பிடுகிறீர்கள், தொட்டுக்கொள்ளச் சோறு. என் கடையில் சோற்றைச் சாப்பிடுகிறார்கள், அது தொண்டையில் இறங்கக் குழம்பு. ஒருவர் மூன்று தடவை வாங்குவார். நான் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்."

"காசு?"

"ஒரு சாப்பாட்டுக் காசுதான்."

அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். ஒரே விலைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் என்பது அவனுக்குப் பிடிபடவே இல்லை. அப்படி வியாபாரம் செய்தால் நஷ்டம்தானே என்று கேட்டான். கொஞ்சமாகச் சாப்பிடுகிற ஆபீஸ்காரர்களும் நாலு பேர் வருகிறார்கள், அவர்களை வைத்துச் சரிக்கட்டுகிறேன் என்றேன். அவன் யோசித்துவிட்டு, நம்பினேன் என்று தன்னால் எழுத முடியாது, பார்த்தேன் என்றால் எழுத முடியும் என்றான்.

"தாராளமாக வந்து பாருங்கள்," என்றேன். "சொல்லாமலே வாருங்கள்."

ஒரு நாள் மத்தியானம் வருவதாகச் சொன்னான். எந்த நாள் என்று சொல்லவில்லை. பார்த்ததை வைத்துக் கணக்கை முடிப்பதாகவும், அதற்குமேல் இழுத்தடிக்க மேலிடத்தில் விடமாட்டார்கள் என்றும் சொன்னான். எனக்கு நிம்மதியில் கால் தரையில் பாவவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் கணக்குக்காரர் மட்டும் மூஞ்சியை உம்மென்று வைத்திருந்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்றேம்மா. ஆளுங்ககிட்ட இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க. அவரு கேக்கிறப்ப, அக்கா நிறையச் சாப்பிடச் சொன்னாங்கன்னு ஒருத்தன் உளறினாப் போதும், எல்லாம் போச்சு லா. உள்ளது உள்ளபடி நடக்கட்டும்."

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்? அவங்களுக்குச் சாப்பிடச் சொல்லிக் கொடுக்கணுமா?"

உண்மையாகவே எனக்குக் கவலை இல்லை. என் ஆட்களின் வயிற்றின்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. கடவுளிடம்கூட நான் அன்றைக்கு எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. தினமும் சோறு வடித்தேன், தினமும் அண்டா காலியானது. ஒவ்வொரு நாளும் அவன் இன்றைக்கு வந்திருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்துக்கொள்வேன். அதிலும் ஒரு நாள் மழை பெய்து வேலை நின்றுபோய், ஆட்கள் நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள் பாருங்கள், அதைப் படம் பிடித்து இலாகாவின் சுவரில் மாட்டியிருக்கலாம்.

பிறகு அவன் வந்தான். வெள்ளைச் சட்டை, டை, கையில் ஃபைல். சந்துக்குள் அப்படி ஓர் ஆள் நுழைந்தாலே தலைகள் திரும்பும். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டுக் கொடுத்தேன். சாப்பிடச் சொன்னேன், கூடாது என்றான். டீ வேண்டாம் என்றான். தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தான். பின்கட்டுக்கு வந்து அண்டாவில் வடித்து வைத்திருந்த சோற்றை எட்டிப் பார்த்து, அளவைக் குறித்துக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் லாரி வந்து நின்று ரோட்டு ஆட்கள் இறங்கினார்கள், மூட்டை தூக்குகிறவர்களும் நடந்து வந்து சேர்ந்தார்கள். பெரியவர்தான் முதலில் வந்தார். வாசலில் நின்று ஃபைலைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார். உள்ளே வராமல் திரும்பி ஐந்தடி நடைபாதையில் நின்றுகொண்டு பின்னால் வந்தவர்களிடம் ஏதோ சொன்னார். கைகால் கழுவுகிற வரிசையைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன்.

இலை போட்டாயிற்று. சோறு போட்டேன், குழம்பு ஊற்றினேன். பெரியவர் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மெதுவாகச் சாப்பிட்டார். ரசத்துக்குச் சோறு கொண்டுபோனேன். கையை மறித்தார்.

"போதும்க்கா."

வயிறு சரியில்லையோ என்று அடுத்தவரிடம் போனேன். அவரும் கையை மறித்தார். அதற்கடுத்தவரும். கூடையோடு நான் நடக்க நடக்க, எனக்கு முன்னால் கைகள் இலைக்குமேல் விழுந்துகொண்டே போயின. மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவன் இருந்தான். அவன் சாப்பிட உட்கார்ந்தால் என்னோடு வேலை செய்த பெண் அலுத்துக்கொள்வாள், அவ்வளவு தடவை நடக்க வேண்டும். அவன் ஒரு தடவை போட்ட சோற்றிலேயே கொஞ்சம் மிச்சம் வைத்து இலையை மடித்தான். மடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சின்னதாகத் தலையசைத்தான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியதும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கூடையை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன். அதிகாரி ஒவ்வோர் இலைக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"இன்றைக்கு இவர்களுக்கு என்னவோ ஆகிவிட்டது," என்றேன் அவனிடம். "தினமும் இப்படி இல்லை."

"பல கடைகளில் அப்படித்தான் சொல்கிறார்கள்," என்றான். கிண்டலாக இல்லை, வருத்தமாகத்தான் சொன்னான். பிறகு எழுந்து பெரியவரிடம் போய், தினமும் இவ்வளவுதான் சாப்பிடுவீர்களா என்று மலாயில் கேட்டான்.

"எப்போதும் இவ்வளவுதான், துவான்," என்று மரியாதை வைத்துச் சொன்னார் பெரியவர். "நாங்கள் அதிகம் சாப்பிடுகிறவர்கள் இல்லை."

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். கணக்குக்காரர் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே விழுந்திருப்பார்.

எல்லோரும் கை கழுவிவிட்டு வேலைக்குத் திரும்பிப் போனார்கள். அதிகாரி மறுபடியும் பின்கட்டுக்கு வந்தான். அண்டாவில் பாதிக்குமேல் சோறு இருந்தது. இது யாருக்கு என்று கேட்டான். இவர்களுக்குத்தான் என்றேன். இவர்கள்தான் சாப்பிட்டுப் போய்விட்டார்களே என்றான். அரிசி அதிகம் என்று சொல்லித்தான் நோட்டீஸ் வந்தது என்பது இவர்கள் காதில் விழுந்துவிட்டது, என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து வயிற்றைக் காயப்போட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்த மலாயில் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். முழுவதும் கேட்டான்.

"அம்மா, நான் பார்த்ததைத்தான் எழுத முடியும்," என்றான். முக்காலியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போனான்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். கணக்கு அவன் பக்கம் நின்றது. கணக்குக்காரர் வெள்ளைக் கோட்டோடு பலமுறை நடந்து அபராதத்தைக் குறைத்து, வரியைத் தவணையாகக் கட்ட அனுமதி வாங்கித் தந்தார். அவருடைய கட்டணத்தையும் தவணையாக வாங்கிக்கொண்டார், அது பெரிய மனசு. வீட்டுக்காரர் கம்பெனி வேலை முடிந்து ராத்திரிப் பள்ளியில் டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுக்கப் போனார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வருஷக்கணக்காகப் போனார். பயந்த மனிதர் என்று அவரை நான் எத்தனையோ தடவை குத்திப் பேசியிருக்கிறேன். கடை மூடாமல் நின்றதற்கு அவர்தான் காரணம். அதிகாரியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனிடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

எனக்குக் கோபம் எல்லாம் என் ஆட்கள் மேல்தான் இருந்தது. அன்று மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை பாத்திரம் தேய்த்தபடி, அவர்களைக் கேட்க வேண்டியதை எல்லாம் வாய்க்குள் அடுக்கிக்கொண்டே இருந்தேன். உங்களை யார் கேட்டது? என் கடையைப் பற்றி முடிவு எடுக்க நீங்கள் யார்? இத்தனை வருஷம் தின்றீர்களே, இன்றைக்கு ஒரு நாள் தின்றால் என்ன கேடு? இதைவிட மோசமான வார்த்தைகளும் தயாராக இருந்தன. நான் எங்கே வளர்ந்தேன் என்று தெரிந்தவர்களுக்கு அவை என்னவென்று தெரியும்.

வழக்கத்தைவிட முன்னாலேயே வந்துவிட்டார்கள். குளிக்கக்கூட இல்லை, வேலை முடிந்து நேராக வந்திருந்தார்கள். மத்தியானம் முழுக்க வெயிலில் அரை வயிற்றோடு ரோடு போட்டிருக்கிறார்கள், மூட்டை தூக்கியிருக்கிறார்கள், முகமெல்லாம் கறுத்துச் சுண்டிப் போயிருந்தது. மூட்டை தூக்குகிற அந்தப் பையன் உட்கார்ந்த வேகத்தில் பெஞ்சு ஆடியது. பெரியவர் மட்டும் உட்காராமல் என் முன்னால் வந்து நின்றார்.

"என்னக்கா, எப்படி? ஒருத்தன்கூட ரெண்டாவது வாங்கல பாத்தீங்களா? இவனைத்தான் பயந்தேன். இவனே சமாளிச்சுட்டான்."

பையன் சிரித்தான்.

"அந்த ஆளு எழுதிக்கிட்டுப் போனாருல்ல," என்றார் பெரியவர். "இனிமே அரிசி அதிகம்னு சொல்ல முடியாதுல்ல. வேணும்னா இன்னும் ஒரு மாசம் இப்படியே சாப்பிடுறோம்க்கா, எல்லார்கிட்டயும் பேசிட்டேன். கடையை மூட மாட்டாங்கல்ல?"

அத்தனை நேரம் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. எனக்கு அழுகை வந்தது. கோபம் தீராமலேயே வந்தது, அது ஒரு விசித்திரமான அழுகை.

"மூட மாட்டாங்க," என்றேன். "நீங்க காப்பாத்திட்டீங்க. உக்காருங்க."

மத்தியானச் சோற்றில் கொதிக்கிற தண்ணீர் விட்டுச் சூடு பண்ணி வைத்திருந்தேன். அதுவே போதாமல் இன்னொரு உலை வைக்க வேண்டியிருந்தது. குழம்புக்குப் போட்டேன், ரசத்துக்குப் போட்டேன். யாரும் கையை மறிக்கவில்லை. பெரியவர் மோர் வாங்குகிற நேரத்தில் திரும்பித் தெருப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்த ஆளு திரும்பி வர மாட்டாருல்லக்கா?"

"வர மாட்டாரு."

"அப்ப இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க."